மத்தியானம் வெளியே போன கூரை

பெண்டாட்டி அம்சா கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து, கருங்குழி அப்பாசாமி வீட்டுக் கூரை மத்தியான வேளையில் வீட்டில் இருப்பதை நிறுத்திக்கொண்டது. வெயில் உச்சிக்கு வந்ததும் திருகாணிகளை உதறிவிட்டு எழும். கரண்டுக் கம்பிகளில் படாமல் ஒருக்களித்துத் திரும்பி, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேலாகவே போய் மதுராந்தகம் ஏரியில் இறங்கும். நன்றாக முங்கி எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து தன் சுவர்களின் மேல் உட்காரும். நீலக் கலர் தகர ஷீட்டுக் கூரை அது. முதல் வாரம் ஊரே அண்ணாந்து பார்த்தது. அடுத்த வாரம், நெல் காயப் போட்டிருந்தவர்கள் அது போகிற வழியில் நிழல் விழுகிறது என்று குறைப்பட்டார்கள். அதன்பின் கூரை கிளம்புவதைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவில் உலை வைத்தார்கள்.

அந்த ஷீட்டு அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அம்சாவின் கோபம் புரியும். அதற்கு முன்னால் இருந்தது கீற்றுக் கூரை. ஒரு புயலில் பாதிக் கீற்று கருங்குழியை விட்டே போய்விட்டதால் வேறு கூரை போட வேண்டியதாயிற்று. அப்பாசாமி லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு செருப்பு வாங்குவதென்றாலும் பத்துப் பேரைக் கேட்காமல் வாங்க மாட்டார். மேஸ்திரி முத்துசாமியைக் கேட்டார். தளம் போடு, பேரன் காலம் வரைக்கும் நிற்கும் என்றார் அவர். கல்பாக்கத்தில் இன்ஜினியராக வேலை பார்த்துக்கொண்டு, பின்பக்கத்து மனையை வாங்கிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பார்க்க வரும் சுப்புராமன் சாரைக் கேட்டார். தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கக்கும், அதன் மேல் வெள்ளை ஓடு பதித்தால்தான் வெயில் வந்த வழியே திரும்பிப் போகும் என்று சார் மண்ணில் படம் போட்டுக் காட்டினார். டீக்கடையில் கேட்டதற்கு மங்களூர் ஓடு என்றார்கள். குரங்கு உடைக்குமே என்று அதே டீக்கடையில் வேறு நான்கு பேர் சொன்னார்கள்.

கடைசியில், அம்சாவின் தம்பி கோபாலகிருஷ்ணன் மதுராந்தகத்தில் ஷீட்டுக் கடை வைத்திருக்கிறான் என்பதுதான் முடிவு செய்தது. மச்சான் கடையை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் போட்டால், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதில் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அப்பாசாமிக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. என்ன கலர் என்பதற்கும் மச்சானே யோசனை சொன்னான். “நீலம்னாலே குளிர்ச்சிதான் மாமா, கடலப் பாரு” என்றான்.

கடல் எப்படியோ, ஷீட்டு குளிரவில்லை. அந்தக் கோடையில் அம்சா ஷீட்டின் மேல் பிழிந்த வடாம், பிழிந்துகொண்டு இருக்கும்போதே பொரிந்தது. பல்லிகள் சுவரை விட்டு இறங்கித் தண்ணீர்ப் பானைக்குக் குடிபோயின. ஃபேனைப் போட்டால் வெந்நீர் ஊற்றுகிற மாதிரி காற்று வந்தது. அப்பாசாமி காலையில் சாப்பிட்டதும் டீக்கடைப் பக்கத்துப் புங்கமரத்தடிக்குப் போய்விடுவார். அம்சா ஒரு கோடை பொறுத்தாள். இரண்டாவது கோடையில் பையை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் இருக்கும் மகள் தமிழ்ச்செல்வியின் ஃப்ளாட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது, ஆடி பிறப்பதற்குள் வீடு குளிராவிட்டால் ரேஷன் கார்டில் தன் பெயரைக் கூடுவாஞ்சேரிக்கு மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சண்டையில் சொல்கிற எதையும் அப்பாசாமி சட்டை செய்ததில்லை. ரேஷன் கார்டு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். பேர் மாறிப் போன பெண்டாட்டி திரும்பி வந்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் கூரையும் எழுந்தது. அப்பாசாமி அன்றிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் சாப்பிட்டார். கவலையில் மறுபடியும் எல்லோரையும் கேட்கத் தொடங்கினார். முத்துசாமி மேலே லாரி டயர்களை வைக்கச் சொன்னார். கூரை டயர்களையும் சுமந்துகொண்டு போய் ஏரியில் மிதக்கவிட்டு வந்தது. கோபாலகிருஷ்ணனிடம் கேட்டதற்கு, “கலருக்குத்தான் மாமா கேரண்டி, போக்குவரத்துக்கு இல்ல” என்று சொல்லிவிட்டான். சுப்புராமன் சார் நனைந்த கூரைக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு, சாயங்கால நேரத்தில் வீடு அருமையாகக் குளிர்ந்திருக்கிறது, ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, மத்தியானத்தில் கூரையே இல்லை என்பது மட்டும் ஒரு சின்னக் குறை என்றார். ஒருநாள் கூரை மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்தது. உப்புக்காற்றில் ஓரமெல்லாம் துரு பிடித்து வந்தது. பிறகு ஏரியோடு நிறுத்திக்கொண்டது.

அம்சா போனில் வேறெதுவும் பேசுவதில்லை, கூரை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். இருக்கிறது என்பார் இவர். சாயங்காலம் கேட்டால் அது உண்மைதான். போனை வைத்த பிறகு அண்ணாந்து பார்ப்பார். அவள் இல்லாத வீட்டில் கூரை இருந்தால் என்ன, போனால் என்ன என்று தோன்றும்.

ஆனி பாதி கழிந்த ஒருநாள், போன கூரை திரும்பி வரவில்லை. அப்பாசாமி ஏரிக்கரைக்கு ஓடினார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், கூரை இன்றைக்குச் சீக்கிரமே குளித்துவிட்டு வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

“நைனா, நம்ம வூட்டுக் கூர இங்க வந்து கீது. அம்மா தலைக்கு மேலயே நின்னுகினு கீது.”

நடந்தது இதுதான். தமிழ்ச்செல்வியின் ஃப்ளாட்டு மேல்மாடி. தளம் வெயிலைக் குடித்துக் கக்குகிற விஷயத்தில் சுப்புராமன் சார் சொன்னதில் பொய்யில்லை. ஏசி ஓடினால் ஒரு மாதிரி, கரண்டு போனால் கருங்குழியே தேவலை. அன்று கரண்டு போனதும் அம்சா துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்தாள். அப்போதுதான் கூரை வந்து அவளுக்கு மேலே நின்று நிழல் கொடுத்தது. ஷீட்டு போட்ட அன்று தான் வைத்த மஞ்சள் குங்குமம் ஒரு மூலையில் அழியாமல் இருந்ததைப் பார்த்து அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அப்பாசாமி போய்ச் சேர்ந்தபோது ஃப்ளாட்டுக்காரர்கள் பாதிப் பேர் பாயை விரித்து அதன் கீழே படுத்திருந்தார்கள்.

அவர் கூரையையும் பார்த்தார், பெண்டாட்டியையும் பார்த்தார். பழக்கதோஷம் விடவில்லை. செங்கல்பட்டில் கூரை விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறாராம், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஆரம்பித்தார்.

“இன்னும் எத்தினி பேரத்தான் கேப்ப?” என்றாள் அம்சா. “கடைக்காரனுக்கு மேல ஃபேனு, இன்ஜினியருக்கு மேல ஏசி, உனக்கு மேல புங்கமரம். மத்தியானம் அந்த ஷீட்டுக்குக் கீழ வெந்துகினு கெடந்தவ நானு. என்னிய ஒரு வார்த்த கேட்டியா?”

பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பாசாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரையெல்லாம் கேட்ட மனுஷனுக்கு, கட்டிக்கொண்டவளைக் கேட்க எப்படி வார்த்தையைத் தொடங்குவது என்று தெரியவில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு ஏரித் தண்ணீர் அவர் மண்டையில் விழுந்தது.

“உனக்கு இன்னா கூர வோணும் அம்சா?”

அவளிடம் பதில் இரண்டு கோடையாகத் தயாராக இருந்தது. ஷீட்டைக் கழற்ற வேண்டாம், தம்பி மனசு சங்கடப்படும். அதன் மேல் ஒரு முழம் இடம் விட்டுக் கீற்றுப் போட வேண்டும், காற்று நடுவில் புகுந்து போகும். சூடு வெளியேற சுவர் உச்சியில் எதிரும் புதிருமாக ஓட்டை விட வேண்டும். கீற்றின் மேல் பீர்க்கங்கொடி ஏற்ற வேண்டும். இவ்வளவுதான். அதில் டீக்கடைக்காரர்களுக்குத் தர்க்கம் பண்ண ஒன்றும் இல்லை.

மறுநாளே இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். கூரை பஸ்ஸுக்கு மேலேயே வந்ததால், கருங்குழி வரைக்கும் ஒருவரும் ஜன்னல் பக்க வெயிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வாரமே கீற்று ஏறியது, ஓட்டை விட்டாயிற்று. ஆடி பிறந்தது, ரேஷன் கார்டு கருங்குழியிலேயே இருந்தது. பீர்க்கங்கொடியை மட்டும், வெளியூர் போகிற கூரைக்குத் தரையில் நட்டது ஆகாது என்று, பழைய பெயின்ட் பக்கெட்டில் வைத்துக் கூரை ஓரத்தில் கட்டிவிட்டார்கள்.

அது எத்தனையோ கோடைக்கு முந்தின விஷயம். இப்போது கூரை ஏரிக்குப் போவதில்லை. அம்சா மகளைப் பார்க்கக் கிளம்பினால் மட்டும் அதுவும் பின்னாலேயே கிளம்பிவிடுகிறது. கூடுவாஞ்சேரியில் அந்த ஃப்ளாட்டுக்காரர்கள் பீர்க்கங்காய் கடையில் வாங்குவதில்லை. கருங்குழியில், அப்பாசாமி வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தால், அம்சா ஊரில் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.