பின்னால் கட்டிய கை

"குடும்மா, நான் போடுறேன்."

செபமாலையைப் புஷ்பமேரியின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினான் மகன் பிரான்சிஸ். சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பா ராயப்பராஜின் விரல்களில் அதை அவசர அவசரமாகச் சுற்றினான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. ராயப்பராஜும் கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அவள் கேஸ் சிலிண்டர் மாற்றப் போனால், "தள்ளு, உனக்கு வராது." ஏடிஎம்மில் கார்டைச் செருகினால், "குடு இங்கிட்டு." தேங்காய் உடைக்கக்கூட அவளை நம்ப மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் திடீரென்று மாறிப்போனார். அவள் சிலிண்டரோடு மல்லுக்கட்டும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வாய் துடிக்கும், கை வராது. "நீயே பண்ணு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். ஸ்கூட்டி பழகி, செம்பட்டி வரை அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாரே ஒழிய, ஒரு வார்த்தை திட்டவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மனுசனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குக்கா," என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டு டெய்சி. "அதான் ஒவ்வொண்ணா உங்களுக்குப் பழக்கி விட்டிருக்காரு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். புஷ்பமேரிக்குச் சுருக்கென்றது. நோவு இருப்பது தெரிந்தும் தன்னிடம் மறைத்தாரா? பக்கத்திலேயே படுத்துக்கொண்டா? அதற்குப் பிறகு அழக்கூட முடியவில்லை. பெட்டியை மூடுவதற்குள் யாராவது உண்மையைச் சொல்ல மாட்டார்களா என்று வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மில் வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒரு சின்னப் பெண், தலையில் முக்காடு, கழுத்தில் மில் அடையாள அட்டை, கண் வீங்கியிருந்தது. பெட்டியருகே வந்தவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

புஷ்பமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ யாரும்மா?"

"பாஸிலா. ஸ்டோர்ஸ்ல சாருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தேன்."

அட, டீச்சர்! "இன்னைக்கு டீச்சர்ட்ட திட்டு வாங்கினேன்" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வாரே, அந்த டீச்சர். கண்ணாடி போட்ட நரைத்த கொண்டைக்காரி ஒருத்தியைத்தான் புஷ்பமேரி இத்தனை நாளும் மனதில் வைத்திருந்தாள். இவளோ பிரான்சிஸைவிடச் சின்னவள்.

"ஏம்மா, கையப் பின்னாடி கட்டியிருக்க?"

பாஸிலா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். "பழக்கமாயிருச்சு ஆன்ட்டி. மொத நாளு சாரு மவுசப் புடிச்சுக்கிட்டுத் தடுமாறுனாரு. 'விடுங்க சார், உங்களுக்கு வராது'ன்னு நான் புடுங்கிட்டேன். சாருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம், 'வீட்ல எம்பொஞ்சாதிகிட்ட நான் இப்படித்தான் புடுங்குவேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது'ன்னாரு. 'இனிமே நீ இங்க கையப் பின்னால கட்டிக்க, நான் வீட்ல கட்டிக்கிறேன்'னாரு."

புஷ்பமேரி அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஒடம்புக்கு ஏதும் முடியலன்னு உங்கிட்டயாச்சும் சொன்னாராம்மா?"

"இல்ல ஆன்ட்டி. நேத்துகூட, 'அடுத்த மாசம் எங்க வீட்டம்மா கார் ஓட்டப் பழகுது, ரோட்டுப் பக்கம் வந்துராத'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."

அப்போதுதான் புஷ்பமேரிக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. பாவி மனுஷன், எதையுமே மறைக்கவில்லை.

மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். செபமாலை விரலிலிருந்து நழுவிச் சட்டைமேல் கிடந்தது. பிரான்சிஸ் குனிந்தான்.

"இரு தம்பி, நான் போடுறேன்."

விறைத்த விரல்களுக்குள் மணிகள் நுழைய மாட்டேன் என்றன. மாலை மறுபடியும் நழுவியது. உதவிக்கு நீண்ட பிரான்சிஸின் கை, எதிரே நின்றவளைப் பார்த்துப் பாதியில் நின்றது. பாஸிலா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் மெல்லத் தன் கையைப் பின்னால் கொண்டுபோனான். புஷ்பமேரி மாலையை எடுத்து முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.