மாறிப்போன டின்

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ரமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து காவான் வட்டாரத்துத் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் நூர் ஃபாத்திஹா, காலையில் ரமணி கொடுத்த சத்துமாவைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, மணமாக இருக்கிறது, ஆனால் கேட்டபடி நிலக்கடலை சேர்க்கவில்லையே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரமணி இரண்டு டின் மாவு தயாரித்திருந்தாள். கேழ்வரகையும் கோதுமையையும் பொன்னிறமாக வறுத்து, சுக்கும் ஏலக்காயும் சேர்த்து அரைத்தது. ஃபாத்திஹாவின் மாவில் மட்டும் நிலக்கடலை. மற்றது, கடற்பாலத்துக்கு அக்கரையில் கெலுகோரில் ரமணியின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் படிக்கும் லைலாவுக்கு. அந்தப் பெண்ணுக்கு நிலக்கடலை ஆகவே ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும். அதற்காகவே லைலாவின் மாவை முதலில் அரைத்து எடுத்து வைத்திருந்தாள்.

அப்படியானால் இன்று காலை, தினமும் காய்ச்சுவதுபோல, பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று பால் கூடுதலாக விட்டுக் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு வந்தது எந்த மாவு?

லைலாவின் போன் அணைத்துக் கிடந்தது. ரமணி சூப்பர்வைசரிடம் பாதி சொல்லியும் சொல்லாமலும் கார் சாவியை எடுத்துக்கொண்டு காடியில் கிளம்பினாள். பாலம் முடிவேனா என்று நீண்டது. பரீட்சை என்றால் போனை அணைத்துத்தானே வைப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த நிமிடமே, பூட்டிய அறைக்குள் அவள் விழுந்து கிடப்பதுபோல் தோன்றியது. முன்னால் போன லாரியின்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

அடுக்குமாடி வாசலில் காடியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். காவலர் புவனேஸ்வரனின் மேசைமேல் அவளுடைய பிளாஸ்க் இருந்தது. திறந்து பார்த்தாள். காலி.

"அண்ணே, இத யாரு குடிச்சா?"

"நான்தான்மா. லைலா தெனமும் குடுத்துட்டுப் போகும். இன்னிக்குக் கடல வாசம் தூக்கலா இருந்திச்சிலா."

ரமணி அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிம்மதியில் அழுகை வந்தது. அது அடங்கியதும், மூன்று மாதமாக அந்தப் பெண் ஏமாற்றியிருக்கிறாள் என்று உறைத்தது. தினமும் கழுவிய பிளாஸ்கை நீட்டி, நல்லா இருந்துச்சு ஆன்ட்டி என்பாளே.

நான்கு மணிக்கு லைலா வந்தபோதும் ரமணி கூடத்தில் நடந்துகொண்டேதான் இருந்தாள். டின் மாறிய கதையைச் சொன்னாள். லைலாவின் முகம் வெளுத்தது.

"ஏன் குடிக்கிறதில்லன்னு எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஆசையா செஞ்சீங்க. நான்தான்... வேற யாரு கலக்குன மாவும் எனக்கு எறங்காது ஆன்ட்டி. சின்னதுல ஒருக்கா ஐசியு வரைக்கும் போயிட்டேன். உங்கள நம்பாம இல்ல, பயம்."

நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ரமணிக்குத் தோன்றியது. இனி தன் சமையலறையில் கடலையே நுழையாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதுவும் போதாது என்று பட்டது.

"மூச்சடைச்சா போடுற அந்த அவசர ஊசி வச்சிருக்கியா? எப்படிப் போடணும்னு எனக்குக் காட்டு."

லைலா பையிலிருந்து அதை எடுத்தாள். மூடியைக் கழற்றாமல் ரமணியின் கையில் கொடுத்து, தன் தொடையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். ரமணி மறுபடியும் முதலிலிருந்து காட்டச் சொன்னாள்.