கதவுக்குள் தேங்கிய மழை

பிரதீஷின் மனைவி என் கடைக்கே காரைக் கொண்டுவருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கார் ஸ்பீக்கர் மாட்டுகிற கடை என்னுடையது. அடுத்த வளைவில் இருப்பது அவனுடையது.

"சுமா சேச்சி, பாட்டு வெச்சா கதவு கரகரங்குது. அவருகிட்ட சொல்லிச் சொல்லி மடுத்தாச்சு, சலிச்சே போச்சு. இங்க வந்தது அவரு அறியண்டாம்," என்றாள் ரஜிதா.

சிரித்த முகமாகச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பிரதீஷ் என்னிடம் வேலை பார்த்தவன். கதவில் ஸ்பீக்கர் மாட்டும்போது அதன் பின்னால் கிண்ணம் மாதிரி ஒரு ஃபோம் வைப்போம். பாட்டு தெளிவாக வரும், கண்ணாடி வழியே உள்ளே இறங்குகிற மழைநீரும் ஸ்பீக்கரில் படாது. ஆனால் முழுசாக மூடினால் ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டும், தாளத்தின் கனம் போய்விடும். அதனால் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு மேல்பாதியைக் குடைபோல விட வேண்டும். கொச்சி மழைக்கு இதுதான் கணக்கு.

அம்மாவின் ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், டாக்சி ஸ்டாண்டு கார்களுக்கெல்லாம் அவன் தனியாக ஃபோம் வைத்தான். ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்ததும் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. படுபாவி, "ராத்திரி சுமா வந்து வெச்சதாக்கும்" என்று கூசாமல் சொன்னான். பழைய ஃபோமையெல்லாம் அவனே பிடுங்கி எறிந்துவிட்டதால், அது என் வெட்டு இல்லை என்று காட்டுவதற்கு என் கையில் ஒன்றுமில்லை. சத்தியம் செய்து பார்த்தேன். தன் தப்பைப் பையன் தலையில் கட்டுகிறாள் என்றார்கள். அவன் தனிக்கடை போட்டான். அன்றிலிருந்து ஒரு டாக்சியும் என் வாசலில் நிற்பதில்லை.

டிரைவர் பக்கக் கதவின் உறையைக் கழற்றி, ஸ்பீக்கரைத் திருகி எடுத்தேன். குபுக்கென்று அழுக்குத் தண்ணீர் என் முழங்கையில் வழிந்தது. ஃபோமைத் தொட்டுப் பார்த்தேன். கீழ்ப்பாதி அப்படியே இருந்தது. மேல்பாதியை வெட்டியிருந்தான்! சொந்தப் பெண்டாட்டியின் காரிலும் குடையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான், மடையன்.

மற்ற கதவுகளைத் தொடவில்லை. பிரதீஷுக்குப் போன் போட்டேன்.

"உன் பொண்டாட்டி கார் என் கடையில நிக்குது. வந்து பாரு."

பக்கத்தில் நின்ற ரஜிதாவுக்கு முகம் செத்துவிட்டது. அவளுக்கு நான் செய்தது நியாயமில்லைதான். ஆனாலும் செய்தேன். கையோடு எதிர் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்த ஸ்டாண்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். அவர்களில் மூத்தவர் ராஜப்பன் அண்ணன். அன்று என்னை ஊர் கேட்க ஏசியவர் அவர்தான். டம்ளரும் கையுமாக எல்லோரும் வந்து நின்றார்கள்.

பிரதீஷ் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். "இங்க எதுக்கு வந்தே?" என்று மனைவியிடம் பாய்ந்தான்.

நான் குறுக்கே போய் ஸ்குரூ டிரைவரை அவன் கையில் திணித்தேன். "இந்தக் கதவத் தொறந்தாச்சு. அந்தப் பக்கத்த நீயே தொற. நான் தொட்டா நான் வெச்சதுன்னு சொல்லுவே."

அவன் தயங்கினான். ராஜப்பன் அண்ணன், "தொறடா, பார்க்கட்டும்," என்றார். வேறு வழியில்லாமல் கழற்றினான். ஸ்பீக்கர் கையோடு வர, தேங்கின தண்ணீர் அவன் பேண்ட்டில் கொட்டியது.

ராஜப்பன் அண்ணன் குனிந்து ஃபோமைப் பார்த்தார். நிமிர்ந்து ரஜிதாவைப் பார்த்தார். "இது யாரு வெச்சது?"

பிரதீஷ் அவளைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான்.

"இவருதான்," என்றாள் ரஜிதா. "வேற ஒரு ஆளும் என் வண்டியத் தொட்டதில்ல."

ராஜப்பன் அண்ணன் சாயாவைக் கீழே ஊற்றினார். அவர் காரிலும் இவன் வைத்த ஃபோமில் இப்படித்தான் தண்ணீர் தேங்கியது என்று அவருக்கு இப்போது புரிந்திருக்கும்.

பிரதீஷ் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "சுமாக்கா, மதி, போதும். கதவ மூடிரலாம். ஆளுங்க நோக்குது."

மன்னிப்பு கேட்பான் என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்டிருந்தால்கூட விட்டிருக்க மாட்டேன்.

"பின்னாடி இன்னும் ரெண்டு கதவு இருக்கு," என்றேன். "தொற."