பின்னட்டைத் தாடிக்காரர்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தாடிக்கார விஞ்ஞானியின் படம். கீழே அவர் சொன்னதாக ஒரு வரி: "விடை கிடைத்தவன் உட்கார்ந்துவிடுகிறான், கேள்வி கிடைத்தவன் நடக்கிறான்."

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது, என் வேலை. இந்தப் புத்தகத்தில்தான் முதன்முறையாக 'சரிபார்த்தவர்' என்று என் பெயர் வரவிருந்தது. அப்பா அதற்குள் பெரியப்பா, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான், புத்தகம் அச்சுக்குப் போய்விடும்.

அதற்கு முன் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தாடிக்காரர் எழுதிய எதிலும் அது இல்லை. இருந்ததெல்லாம் எங்கள் பதிப்பகப் புத்தகங்களில்தான். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதை ஆதாரம் காட்டியது. நானும் பின்னோக்கிப் போனேன். முந்தைய பதிப்பில் படம் இல்லை, பெயர் மட்டும். அதற்கு முந்தியதில் 'ஒரு விஞ்ஞானி'. அதற்கும் முந்தியதில் 'அறிஞர் ஒருவர்'. மூலத்தை விட்டு விலக விலக ஒளி மங்கும் என்றுதான் படித்திருக்கிறேன். இவர் விலக விலகத் தாடியோடு பிரகாசித்தார்.

கிடங்கின் அடித்தட்டில் முதல் பதிப்பு கிடைத்தது. பாடம் முடிந்து மிஞ்சிய வெற்றிடத்தில் அந்த வரி. யார் பெயரும் இல்லை. புத்தகத்தைத் தொகுத்தவர் எங்கள் பதிப்பாசிரியர்.

"என்ன சைலண்ட்டு, புதையல் கிடைச்ச மாதிரி வர்றே?" என்றாள் பக்கம் வடிவமைக்கும் அக்கா.

"சார்கிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா."

"நீயா? கேக்கப் போறியா? இரு, நானும் கதவுகிட்ட நிக்கறேன்."

பதிப்பாசிரியர் பழைய பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எங்கேம்மா கிடைச்சுது? பக்கம் காலியா இருந்துச்சுன்னு நான் எழுதினது. அடுத்த பதிப்புல எவனோ அறிஞர்னு சேர்த்துட்டான். நானும் விட்டுட்டேன்."

"அப்ப உங்க பேரைப் போடலாமே சார்."

"என் பேரைப் போட்டா யாரு மதிப்பா? யாருக்குத் தெரியப்போகுது, கையெழுத்தைப் போடு."

"எனக்குத் தெரியுமே சார்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நேத்து வந்த பொண்ணு, எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"இல்ல சார். இந்தத் தாடிக்காரர்தான் வேணும்னா என் பேரை எடுத்துடுங்க. ரெண்டு பேரும் ஒரே புத்தகத்துல இருக்க முடியாது."

எடுத்துவிட்டார்.

புத்தகம் வந்ததும் அப்பா முதல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். "எங்கே, கண்ணாடி போட்டும் தெரியலையே?"

"இல்லப்பா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்ல?"

"அதையே சொல்லுங்க."

மறுநாள் என் மேசையில் ஒன்பதாம் வகுப்பு மெய்ப்பு. பின்னட்டையில் அதே தாடி, அதே வரி. சிவப்புப் பேனாவால் சுழித்து, 'இதை இவர் சொல்லவில்லை' என்று எழுதினேன். அதன் கீழே என் முழுப்பெயரை எழுதினேன், கொஞ்சம் பெரிதாகவே.