வளைவுக் கண்ணாடி

"போதும்! போதும்! நிறுத்துங்க!" என்று தெருவில் பாதிப் பேர் கத்தினார்கள். காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு ஆட்டிய கைகள் மட்டும் தெரிந்தன. வரச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வந்தார். இருக்கை குலுங்கியது. ஆட்டிய கைகளெல்லாம் தலைக்குப் போயின. அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

இறங்கிப் பார்த்தார். வீட்டை ஒட்டிய வளைவில் நின்ற இரும்புக் கம்பம், கும்பிடு போடுகிறவனைப்போலச் சாய்ந்திருந்தது. அதன் உச்சியில் இருந்த பெரிய வட்டக் கண்ணாடி ரோட்டில் சில்லுசில்லாகக் கிடந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டி இந்தப் பக்கம் தெரிவதற்காக மாநகராட்சி வைத்த கண்ணாடி. வைக்க வைத்தது அவர் மனைவி. அவள் உள்ளே கூடத்தில், குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

மயான வண்டி வாசலில் நிற்க இடம் வேண்டும், காரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மருமகன் சாவியைக் கேட்டான். "இந்த வண்டி என் பேச்சைத்தான் கேக்கும் மாப்ளே" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அல்லது சொன்னார்கள், அவருக்குக் கேட்கவில்லை. "சரி சரி" என்று பொதுவாகத் தலையாட்டி வைத்தார். "நல்லவேளை, அவ பாக்கல. பாத்திருந்தா வரப்போற மயான வண்டியிலயே என்னையும் ஏத்தி அனுப்பியிருப்பா."

ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மேஸ்திரி நூற்பாலையில் முப்பது சொச்சம் வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலை அவருக்குக் கொஞ்சம் ஓய்வூதியம் கொடுத்தது, பதிலுக்குக் காதுகளை வாங்கிக்கொண்டது. வலது காது முழுசாகப் போச்சு. இடது காது, ஆள் எதிரே நின்று உதட்டைக் காட்டிப் பேசினால் மரியாதைக்குக் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. "இந்தக் காலத்துல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்பது அவர் கட்சி. கேட்காத இடத்தில் தலையாட்டுவார். தலையாட்டல் பொருந்தாத இடத்தில் தானே பேச ஆரம்பித்துவிடுவார். பேசிக்கொண்டே இருப்பவனுக்குக் காது எதற்கு?

மகள் போன வருஷம் காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தாள். "இதைப் போட்டா உங்கம்மா சொல்றதெல்லாம் கேக்குமாமே. எனக்கு ஏன் இந்தத் தண்டனை?" என்று சொல்லி அலமாரி இழுப்பறையில் வைத்தார். மகள் சிரித்தாள். மனைவி சிரித்தாளா என்று இப்போது ஞாபகம் இல்லை.

அவள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். தெருவுக்கே தெரிந்த குரல். சங்கத்துக்கு மைக் வாங்கலாம் என்று ஒருமுறை தீர்மானம் வந்தபோது, இந்தச் செயலாளர் இருக்கும்வரை அது வீண் செலவு என்று தள்ளிவைத்தார்கள். மேஸ்திரிக்கு அது புரிந்ததே இல்லை. அவருக்கு அவள் குரல் சரியான அளவில்தான் கேட்டது.

கூடத்துக்குள் போனார். மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா சத்தம்?"

"உங்கம்மாவோட கண்ணாடி. போச்சு."

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "நான்தான் எடுக்காதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னியா?" என்றார். பிறகு, நேற்று மாலையிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை மறுபடியும் எடுத்தார். "ஏம்மா, விழறப்ப அவ என்னைக் கூப்பிட்டிருப்பாளா?"

"டாக்டர்தான் சொன்னாரேப்பா. பொட்டுனு போயிருக்கும்னு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்றுதான் சொன்னார். மருமகன், "அத்தை கஷ்டப்படல மாமா" என்றான், என்னமோ கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டதற்கு, "மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்கண்ணா" என்றாள். அவள் சங்கத்தின் பொருளாளர், மனைவிக்கு வலது கை. இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதன் வழியாகத்தான் சங்கத்தின் பாதிக் கூட்டங்கள் நடந்தன.

நேற்று அவர் கூடத்தில் உட்கார்ந்து மேசை விசிறிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். டீ வரவேண்டிய நேரம் தாண்டிப் போயிருந்தது. எழுந்து சமையலறை வாசலுக்குப் போய், உள்ளே பார்க்காமலே, "என்ன செயலாளரே, டீ ஃபைல் எந்த டேபிள்ல நிக்குது?" என்று கேட்டார். பதில் வராதது அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. பதில்கள் வராமல் போய்ப் பல காலம். உள்ளே தலையை நீட்டியபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வற்றி அடி கருத்திருந்தது. அவள் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், முகம் கூடத்தின் பக்கம்.

தண்ணீர் வற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று யோசிக்கக்கூடாது என்று வைத்திருந்தார். அதனால் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

உதவிப் பொறியாளர் வந்தார். மாநகராட்சியில் போக்குவரத்துப் பிரிவு. கண்ணாடிக்காக அவள் இரண்டு வருஷம் விரட்டிய மனிதர். பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து மேஸ்திரிக்குப் பக்கத்து நாற்காலியை அவர் முகம் பார்க்கத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். நல்லவேளையாக இடது பக்கம்.

"அரசாங்கச் சொத்தை உடைச்சிட்டேன் சார். மயானம் போயிட்டு வந்து சரணடையறேன்."

"அட விடுங்க சார். வேற போட்டுரலாம்."

"எப்ப? அடுத்த ரெண்டு வருஷத்துலயா? விரட்டறதுக்கு ஆள் இல்லையே இப்ப."

பொறியாளர் லேசாகச் சிரித்தார். "அம்மா மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல சார். 'இங்க ஒரு விபத்துகூடப் பதிவாகலம்மா, பதிவாகியிருந்தா உடனே கொடுத்துரலாம்'னு ஒருநாள் சொல்லிட்டேன். 'அதுக்கு ஆளையும் நாங்களே அனுப்பணுமா சார்?'னு கேட்டாங்க. ஆபீஸே அமைதியாயிருச்சு."

அந்தக் கதை மேஸ்திரிக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அவள் வந்து சொன்னபோது, "வேணும்னா நான் போய் விழறேன். உன் ஃபைல் ஓடட்டும்" என்றார். எதற்கும் சிரித்துவிடுகிறவள், அன்றைக்கு எழுந்து உள்ளே போய்விட்டாள். சங்க வேலை தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார்" என்றார். "இந்த வளைவுல என்ன வண்டி வருது? நாலு ஸ்கூட்டர், ஒரு பால் வண்டி. அவனுங்களும் ஹாரன் அடிச்சிக்கிட்டுத்தான் திரும்புறானுங்க. பஸ் ஓடுற ரோட்டுக்கே நீங்க ஒண்ணும் செய்யறதில்ல. இதுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

பொறியாளர் டீக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஜாயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணோம் சார். எல்லாரும் சேந்து இங்க நேர்ல பாத்தப்ப அம்மா ஒரு காரணம் சொன்னாங்க. தினமும் சாயங்காலம் இந்த வழியா ஒருத்தர் நடந்து போறாரு, ஹாரன் அடிச்சா அவருக்குக் கேக்காது, கண்ணாலயாவது பாத்துக்கட்டும்னு."

"யாரு அது?"

"யாரோ… பெரியவர் ஒருத்தர்."

மேஸ்திரி மனசுக்குள் தெருவில் உள்ள கிழவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். கோடி வீட்டுக்காரர் படியே இறங்குவதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பாம்புக் காது, அடுத்த தெருவில் பேசினால் இங்கே பதில் சொல்வார். வேறு யார், சாயங்காலம் நடக்கிறவர்? சிகரெட் வாங்கப் போகிறோம் என்பதை மறைத்து, காற்று வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, தினமும் அந்த வளைவைச் சுற்றிப் போய்வருகிறவர்?

பொறியாளர் கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று எழுந்தார்.

"சரி சரி" என்றார் மேஸ்திரி.

மயான வண்டி கிளம்பியது. முன் இருக்கையில் அவரை உட்கார வைத்தார்கள். வளைவுக்கு வந்ததும் டிரைவர் நிறுத்தினான். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியவில்லை. உதவியாள் இறங்கிப் போய், சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, கையை ஆட்டினான். வண்டி சில்லுகளின்மேல் ஏறிப் போனது. நொறுங்கியிருக்கும். அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டிருந்தார்கள். மகள் படுத்துத் தூங்கிவிட்டாள். மருமகன் ஃபோனில் யாருக்கோ விவரம் சொல்லிக்கொண்டிருந்தான். மேஸ்திரி சமையலறைக்குப் போனார். கருகிய பாத்திரத்தை யாரோ தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. அங்கே நிற்க முடியவில்லை. துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனார்.

கூட்டத் தொடங்கினார். ஒவ்வொரு சில்லிலும் கொஞ்சம் வானம், கொஞ்சம் சுவர், கொஞ்சம் துடைப்பம். பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் அவரை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பி ஏதோ திட்டினான். ரொம்ப நேரமாக ஹாரன் அடித்திருக்க வேண்டும்.

கையில் இன்னொரு முறத்தோடு பக்கத்து வீட்டுப் பொருளாளர் வந்து நின்றாள். "குடுங்கண்ணா, நான் பண்றேன்."

"நான் உடைச்சதும்மா. நானே அள்ளறேன்."

அவள் போகவில்லை. குனிந்து பெரிய சில்லுகளைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். 

"இந்தக் கண்ணாடி யாருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் தலையை நிமிர்த்தாமல் ஆட்டினாள், தெரியும் என்று.

"தெருவுக்கே தெரியுமா?"

அதற்கும் ஆட்டினாள்.

"என்னைத் தவிர" என்றார். இந்த இடத்தில் ஒரு ஜோக் சொல்லியிருக்க வேண்டும். வாயில் ஒன்றும் வரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"உன் சமையக்கட்டுக்கு எல்லாம் கேக்கும். நேத்து நீ உள்ளதான் இருந்த. கருகற வாசனைக்கு ஓடி வந்தவளும் நீதான். நேத்துலருந்து கேக்கறேன், காப்பி குடி, ரொட்டி சாப்பிடுங்கற. அவ என்னைக் கூப்பிட்டாளா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ரோட்டைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

சரி சரி என்று தலை தானாக அசையத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினார்.

"கேக்கலம்மா" என்றார். "எனக்குக் காது கேக்காது. சத்தமா சொல்லு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டாங்கண்ணா! ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாங்க! எப்பவும் உங்களைக் கூப்பிடற மாதிரியேதான் இருந்துச்சு. அதான்… அதான் நானும் வரல!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.