எண்பது சென்டி

ஓவியக் கண்காட்சிக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போன மனிதர் திருவனந்தபுரத்திலேயே பூதலிங்கம் ஒருவராகத்தான் இருப்பார். "வேண்டா சாரே, செருப்பு இட்டோண்டு கேறிக்கோளூ" என்று வாசல் காவலாளி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே மகள் வரைந்த படங்கள் இருந்தன. மகளோடு பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குள் எப்படிப் போவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

2007, ஓணம் கழிந்த வாரம். அழைப்பிதழ் சாலைக் கடைவீதியில் இருக்கிற அவருடைய ஜவுளிக்கடை விலாசத்துக்குத் தபாலில் வந்திருந்தது. ஊரில் நூறு பேருக்கு அனுப்பியதுபோல விலாசம் அச்சடித்து ஒட்டியிருந்தது. கையெழுத்து எங்கேயாவது இருக்கிறதா என்று உறையைப் பிரித்து உட்புறம்கூடப் பார்த்தார். இல்லை. நாலு நாள் அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். ஐந்தாம் நாள் காலையில், முப்பது வருஷமாகக் கடையில் நிற்கிற வேலப்பன், துணிக்கட்டை அடுக்கிக்கொண்டே, "மொதலாளி, இன்னையோட தீருது, கேட்டேளா" என்றார். எது தீருகிறது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

கூடத்தை நடத்துகிற லீலாபாய் என்கிற அம்மாள் ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். செண்பகவல்லி என்ற பெயருக்குக் கீழே மாடல், நடிகை, ஓவியர் என்று மூன்று சொற்கள். எவ்வளவு லேசாகப் போட்டுவிட்டார்கள். அதில் முதல் சொல்லுக்குப் பொறுப்பு பூதலிங்கம்தான். 1993-இல் கடைக் காலண்டருக்குப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்த பெண் கொச்சியிலிருந்து வரவில்லை. போட்டோக்காரன் விளக்கெல்லாம் பொருத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். காலேஜ் விட்டு அப்பாவைப் பார்க்க வந்த செண்பகத்தைக் காட்டி, "நம்ம பிள்ளை நின்னா நல்லாருக்காதா?" என்று கேட்டவர் அவரே. பச்சைப் பட்டில் அவள் நின்ற அந்தக் காலண்டரை, துணி வாங்காதவர்களும் வந்து கேட்டு வாங்கிப்போனார்கள். மறுவருஷம் கிழக்கே கோட்டையில் அவள் படம் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. பஸ்ஸில் அதைத் தாண்டும்போதெல்லாம் பூதலிங்கம் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்ப்பார். அப்படி ஒரு கர்வம்.

பிறகு நகைக்கடை, தலை எண்ணெய், அப்புறம் சினிமா. டைரக்டர் பெயரைச் சுருக்கி சம்பா என்று ஆக்கினார். நாயகிக்குத் தங்கை, நாயகிக்குத் தோழி என்று ஆறு படம். மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று எல்லாப் படத்திலும் வேறொருத்தியைப் பேசவைத்தார்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அவள் அம்மா பகவதியம்மாள், "மொகம் நம்ம பிள்ளைக்க மொகம். சத்தம் ஆருக்க சத்தமோ" என்று ஸ்ரீவராகம் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அந்த வீடு கடைசியாகச் சிரித்த காலம் அதுதான்.

2000-இல் ஒரு படத்தில் அவள் நர்ஸாக நடித்தாள். நல்ல படம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நகரத்தில் நாலு நாள்கூட ஓடவில்லை. ஓடாத படத்தின் பிரதிகளை அந்நாளில் சின்ன ஊர்க் கொட்டகைகள் மலிவாக வாங்கும். நடுவில் எங்கோ எடுத்த ஆபாசத் துணுக்கு ஒன்றை ஒட்டி ஓட்டும். பிட்டு என்று அதற்குப் பெயர். படத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இந்தப் படத்தில் செண்பகம் மாடிப்படி ஏறி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அடுத்த நொடி வேறு ஒரு பெண், வேறு ஒரு அறையில், முகம் தெரியாமல், உடம்பில் துணியில்லாமல். கதவைச் சாத்தியவளும் இவளும் ஒன்றுதான் என்று கொட்டகை எடுத்துக்கொண்டது. ஊரும் எடுத்துக்கொண்டது. வேலப்பன்தான் தலையைக் குனிந்துகொண்டு முதலாளியிடம் சொன்னார். வெற்றிலை பாக்கு மாற்றியிருந்த திருநெல்வேலி மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள்.

பூதலிங்கம் பாலராமபுரத்துக்குக் கைத்தறி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நெய்யாற்றின்கரை தாண்டி அந்தப் படம் ஓடிய கொட்டகைக்குப் போனார். பகல் ஆட்டம். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கதவு மூடியது. விசில் பறந்தது. ஒரு கணம்தான் பார்த்தார். நாற்பது வருஷம் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்தவருக்கு ஒரு கணம் போதும். கடைப்படி ஏறுகிற பெண்ணுக்கு எத்தனை சென்டி வேண்டும் என்று அவள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். செண்பகத்துக்கு எண்பது. திரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு மீட்டர் இல்லாமல் தைக்க முடியாது. அகன்ற தோள், இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, தண்ணிக்குடம் சுமந்தே வளர்ந்த தோள். தன் பிள்ளை இல்லை. சந்தேகமே இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். ஆனால் எப்படிச் சொல்வது? போனேன் என்று சொல்ல வேண்டும். தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்தேன், கண்ணை மூடவில்லை, பார்த்தேன், என் மகள் உடம்பா என்று அளந்து பார்த்தேன் என்று, பெற்றவளிடமும் பிள்ளையிடமும் சொல்ல வேண்டும். அது அவருக்கு வாயில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பகவதியம்மாளே அடுக்களையில் வைத்துக் கேட்டாள்.

"நீங்க ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்களேன். நம்ம பிள்ளையா இருக்காது. பாத்துட்டு வந்து, இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா போரும் எனக்கு."

"அந்தக் கண்றாவிய நான் போய்ப் பாக்கணுமாக்கும்" என்றார் பூதலிங்கம்.

அடுத்த அறையில் செண்பகம் இருந்தாள். அந்த வாரமே கொச்சிக்குப் போய்விட்டாள். ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் பின்னணித் திரைச்சீலை தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்றும், பிறகு சொந்தமாக வரைகிறாள் என்றும் வேலப்பன் மூலமாகத்தான் தெரியும். பகவதியம்மாள் விடியற்காலை கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு தெருவில் இறங்குவதையே நிறுத்தினாள். 2004-இல் போய்ச் சேர்ந்தாள். செண்பகம் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எடுத்ததும் கிளம்பிப் போனாள். இன்றைக்குச் சொல்லலாம் என்று பூதலிங்கம் அன்றைக்கும் நினைத்தார். பந்தல் முழுக்க ஆட்கள்.

இப்போது படங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பன்னிரண்டு படம். எல்லாவற்றிலும் ஒரே உடல்வாகில் ஒரு பெண். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். குழாயடியில் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிறாள். பஸ் நிறுத்தத்தில் முறுக்கு தின்கிறாள். முகத்தைத்தான் பாடுபட்டு வரைந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் வேறு முகம், ஒவ்வொன்றிலும் அலுத்த கண். மூக்குத்தி ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. முகம் எப்படி இருக்கும் என்று தெரியாதவள் வரைந்து வரைந்து பார்த்தது போலிருந்தது. ஏழாவது படத்தில் அந்தப் பெண் கிணற்றடியில் குனிந்து, முதுகு காட்டி, முகத்தை மட்டும் திருப்பியிருந்தாள். பூதலிங்கம் நின்றுவிட்டார். அகன்ற தோள். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கொட்டகைத் திரையில் பார்த்த அதே முதுகு; இவளும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"வந்தாச்சா" என்றது பின்னால் ஒரு குரல். அவளுடைய சொந்தக் குரல். தலையில் அங்கங்கே நரை. விரல் நகத்துக்குள் நீலச் சாயம்.

"ம்" என்றார். "சாப்பிட்டியா மக்ளே?"

"சாப்பிட்டேன்." அவளும் படத்தைப் பார்த்தாள். "லீலாபாய் சேச்சி எல்லார்ட்டயும் கேட்டாச்சு, இது ஆராயிருக்கும்னு. ஒருத்தருக்கும் தெரியல்ல. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள், வேறு பேச்சு இல்லாமல். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒன்று கேட்கிறாள், தனக்கு அதற்குப் பதில் தெரியும் என்கிற ஒரே நினைப்பில் கிழவருக்கு வாய் முந்திக்கொண்டது.

"தெரியும்" என்றார்.

செண்பகம் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"அப்பம் நீங்க அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கியளா."

அவர் தலையசைத்தார்.

"எப்பம்?"

"அம்மை அடுக்களையில கேட்டாள்லா. அதுக்கு ரெண்டு நாள் முன்ன. நீ இல்லேன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு மக்ளே. ஒரு மீட்டர் துணி வேண்டிய ஒடம்பு அது. எனக்குத் தெரியாதா. ஒரு நாளும் நான் ஒன்னய சந்தேகப்படல்ல, பாத்துக்கோ."

ஏழு வருஷம் நெஞ்சில் சுமந்ததை இறக்கி வைத்தாயிற்று என்று அவருக்கு ஒரு விநாடி இருந்தது. மகள் அழுவாள், கையைப் பிடிப்பாள் என்றுகூட நினைத்திருப்பார். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"அம்மைட்ட சொன்னியளா?"

பூதலிங்கம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பொறவாவது? கெடையில கெடந்தப்பமாவது?"

கூடத்தின் மறுகோடியில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். லீலாபாய் இருவரையும் பார்த்துவிட்டு, "ஆரா செண்பகம் இது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கண்ணாடித் தம்ளரில் சாயாவோடு வந்தாள். பக்கத்தில் வந்ததும் என்ன தோன்றியதோ, தம்ளர்களை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

செண்பகம் சுவர்ப் பக்கம் திரும்பி, கிணற்றடிப் படத்தின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, சரிந்திருப்பதை நேராக்குகிறவள்போலக் கொஞ்சம் அசைத்தாள். படம் முதலிலேயே நேராகத்தான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. சாயாவில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. பூதலிங்கம் வெறுங்காலோடு, ஒரு கஜ தூரத்தில், மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.