கறுத்த முடிச்சு

வலது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி, அக்குளுக்கும் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது தேவானை கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றியதல்ல.

"கைக்கு ஒண்ணும் ஆவாதில்ல டாக்டர்?"

ராஜா அண்ணாமலைபுரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டி அவளுடையது. கரி நிரப்பிய பெட்டியை வலது கையால் தூக்கிச் சட்டையின் தோளில் வைத்து ஒரே இழுப்பில் கீழே கொண்டுவருவாள். அலை திரும்பிப் போன மணல்போலத் துணி பின்னால் கிடக்கும். கணவன் அசோகன் வீடுவீடாகத் துணி வாங்கி வருவான், கொண்டுபோய்க் கொடுப்பான். பெட்டியைத் தொட்டால் அவனுக்குக் காலர் கருகிவிடும்.

அடையாற்றங்கரையில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் சொர்ணத்தைத் தேவானை தினமும் பார்க்கிறாள். அவளும் மார்புக்கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். கட்டி போய்விட்டது, கை மட்டும் வாழைத்தண்டாக வீங்கி அப்படியே நின்றுவிட்டது. ஒரு கீறல் விழுந்தால் சிவந்து கொதித்துக் காய்ச்சலில் படுத்துவிடுவாள். சூடு படாத நாளே இல்லாத இஸ்திரிக்காரிக்கு அப்படி ஒரு கை இருந்தால் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் சின்ன அறையில் டாக்டர் கமர் ஜஹான் அவசரப்படாமல் விளக்கினார்.

"நெறி கட்டுதுன்னு சொல்வோமில்ல, அந்த முடிச்சுங்கதான் அக்குள்ல நிறைய இருக்கு. சிலது மார்புலேர்ந்து வர்ற நீரை வாங்கும், சிலது கையிலேர்ந்து வர்றத வாங்கும். எல்லாத்தையும் எடுத்துட்டா கைநீருக்குப் போக வழியில்ல, வீங்கிடும். அதனால மயக்கம் குடுத்ததும் உங்க கையில நீல மருந்து ஊசி போடுவேன். கையோட முடிச்சு மட்டும் நீலமாகும். அத விட்டுட்டு மத்தத எடுப்பேன்."

"சட்டைக் காலர்ல குறி போடறோமே, அந்த மாரி," என்றான் அசோகன். "யார் வூட்டுதுன்னு தெரியணும்ல."

டாக்டர் சிரித்தார். "அதேதான். ஆனா வீங்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வாய்ப்பு குறையும். நீலமா இருந்தாலும் நோய் இருக்கற மாதிரி பட்டா எடுத்துருவேன். சரி, பச்சை குத்தியிருக்கீங்களா? தோள், மார்பு எங்கயாவது?"

"இல்ல."

"ஏன் கேக்கறேன்னா, பச்சை குத்தின மை தோலோட நிக்காது. கொஞ்சம் உள்ள போய் முடிச்சுல தங்கிடும். மார்புல குத்தியிருந்தா மார்போட முடிச்சு கறுநீலமாத் தெரியும். நான் அதைக் கையோடதுன்னு நெனச்சு உள்ளயே விட்டுடக் கூடாதில்ல. மார்புக்கு மேல ஒரு தழும்பு பாத்தேனே?"

தேவானை வாய் திறக்குமுன் அசோகன் முந்திக்கொண்டான். "அது பொட்டி பட்டது டாக்டர். கண்ணாலத்துக்கு முன்னாடியே. துணி பத்தாம தன்னையே தேச்சிக்கினான்னு நான் கலாய்ப்பேன்."

தேவானை கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

பதினேழு வயதில் கபாலி கோயில் திருவிழாக் கூட்டத்தில், சேலை கட்டி மறைத்த ஒரு மூலையில், பச்சை குத்துகிறவளிடம் ரவிக்கைக்குள் மறையும் இடத்தைக் காட்டி ஒரு பெயரைச் சொன்னாள். பஞ்சாட்சரம். திருவிழாக்களுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவன். அடுத்த வருடத் திருவிழாவுக்கு விளக்கு கட்ட வேறு ஆள் வந்தான். அசோகனோடு கல்யாணம் நிச்சயமானபோது அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் முனையைப் பழுக்க வைத்து, முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரின்மேல் அழுத்தினாள். எல்லாம் எரிந்துவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

ஆபரேஷனுக்கு முன் வார்டில் படுத்திருந்தபோது டாக்டரின் வார்த்தைகள் அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. பெயர் எரியவில்லை. வெளிவாசலை மூடியதும் அது உள்ளறைக்குப் போய்விட்டது. பஞ்சாட்சரம் அங்கே ஓர் இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், அவன் நிழலிலேயே, நோயும் உட்கார்ந்திருக்கலாம். சொன்னால் டாக்டர் நீலத்தை நம்பமாட்டார், கையின் முடிச்சும் சேர்ந்து போகும். சொல்லாவிட்டால் கை தப்பிக்கும். தப்பித்த கையால் எத்தனை நாள் துணி தேய்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

பெரிய விளக்கின் கீழே படுக்க வைத்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிவைத்தார்கள். முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"டாக்டர், அந்தத் தழும்பு... அதுக்கு அடியில பச்ச கீது. பேரு. நான்தான் சூடு வச்சிக்கினேன்."

கமர் ஜஹான் அவள் முகத்தருகே குனிந்தார். "மேல்தோல்தாம்மா எரிஞ்சிருக்கும். மை அதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கும்."

"சொல்லலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"கறுத்திருக்கறத கையோடதுன்னு விட்டிருப்பேன். இப்ப சந்தேகம் வர்றத எடுத்து உடனே சோதிச்சுப் பாப்பேன். கை பக்கம் நான் நெனச்ச அளவுக்கு மிச்சம் வைக்க முடியாம போகலாம். சம்மதமா?"

தேவானை தன் வலது கையைத் திரும்பிப் பார்த்தாள். நரம்பு புடைத்த மெலிந்த கை. மணிக்கட்டில் போன வாரத்துச் சூட்டுப்புண் ஆறிக்கொண்டிருந்தது.

"எடுத்துருங்க," என்றாள்.

கறுத்த முடிச்சில் நோய் இருந்தது. கையிலிருந்து வந்த நீலக் கோடுகளும் அதற்குள்தான் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியவில்லை. அவள் மயக்கம் தெளியாமல் கிடந்த நேரத்தில் வெளியே டாக்டர் அசோகனிடம் எல்லாவற்றையும் நல்ல மனதோடு சொன்னார். "உங்க மனைவி தைரியசாலி. பேரு பச்சை குத்தின விஷயத்தை மட்டும் அவங்க சொல்லலன்னா அந்த முடிச்சு உள்ளயே இருந்திருக்கும்."

அசோகன் தலையாட்டினான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மருந்து ஏற்றுவதெல்லாம் முடிந்து, கொட்டிய தலைமுடி வளரத் தொடங்கியபோது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் வளையல் இறுகியது. பிறகு முழங்கையின் எலும்பு காணாமல் போனது. விரலிலிருந்து தோள்வரை துணிப்பட்டையை இறுக்கிச் சுற்ற வேண்டும், மேலே போகப்போக இறுக்கம் குறைய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அசோகன் கற்றுக்கொண்டான். காலையில் அவளுக்குச் சுற்றிவிட்டு வண்டிக்குப் போவான். அவன் கருக்கிய சட்டைகளுக்குப் பிறகு பாதி வீடுகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன.

ஒரு காலை, பட்டை மணிக்கட்டைத் தாண்டியபோது அவன் தலை நிமிராமல் கேட்டான்.

"யார் பேரு?"

அவள் சொன்னாள்.

"நான் அந்தத் தழும்ப வச்சிக் கலாய்ச்சிக்கினு இருந்தேன். நீ கூட சேந்து சிரிச்ச."

"இன்னா சொல்றது அதுக்கு?"

"இப்பவும் கீறானா அவன்?"

"தெர்ல. பாத்ததேயில்ல."

அவன் இன்னும் இரண்டு சுற்று சுற்றினான். இறுக்கம் சரியாகத்தான் இருந்தது. முழங்கைக்கு வந்ததும் மீதிப் பட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். கரிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தாமலே வெளியே போனான்.

தேவானை மடியில் கிடந்த சுருளை எடுத்தாள். பிறகு பட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்து, இடது கையால் மீதியைச் சுற்றத் தொடங்கினாள். அது நழுவியது. அவிழ்த்து மறுபடியும் முழங்கையிலிருந்து ஆரம்பித்தாள்.